ஆங்கில வாத்தியார் பதில்கள்: 'ரன்' வினைச்சொல்லா, பெயர்ச்சொல்லா?

கேள்வி: என் மகள் 6ஆம் வகுப்பு. 'ஹி ஸ்கோர்டு எ ரன்' என்ற வாக்கியத்தில் 'ரன்' என்ன வகைச் சொல் என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். 'வெர்ப்' என்று எழுதினாள், தப்பு போட்டுவிட்டார்கள். ஆனால் வகுப்பு நோட்டில் வெர்ப் பட்டியலின் முதல் சொல்லே 'ரன்'தான். எது சரி?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: தேர்வுத்தாள்தான் சரி, அம்மா. உங்கள் மகள்மேல் குற்றமில்லை; பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைத்ததுதான் வினை. நானும் 32 வருடம் அந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதியவன், அதனால் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

மகளிடம் இந்த வாக்கியத்தைக் கொடுங்கள்: "படியில் உட்கார்ந்து நான் சொன்னபடி படி." மூன்று 'படி'. முதலாவது மாடிப்படி, பெயர்ச்சொல். கடைசி 'படி' வினை. நடுவில் இருப்பது 'சொன்ன'வோடு ஒட்டிக்கொண்டு வேறு வேலை பார்க்கிறது. தனியாகப் 'படி' என்று எழுதி 'இது என்ன சொல்?' என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். ஆங்கிலத்துக்கும் அதே கணக்கு. 'ஐ ரன் எவ்ரிடே' என்றால் வெர்ப். 'எ ரன்' என்றால் நவுன். முன்னால் 'எ' நிற்கிறதே, அது போதும். அப்புறம், கிரிக்கெட் பார்க்கும்போது நாமே '100 ரன்கள்' என்கிறோம். நூறு என்று எண்ண முடிகிறதே, எண்ணப்படுவது பெயர்ச்சொல்தானே?

கேள்வி: அட்ஜெக்டிவ், அட்வெர்ப் இரண்டும் எனக்குக் குழம்புகின்றன. 'லி' வந்தால் அட்வெர்ப் என்று வைத்துக்கொள்ளலாமா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: வைத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வீர்கள். 'ஃப்ரெண்ட்லி'யில் 'லி' இருக்கிறது, ஆனால் அது அட்ஜெக்டிவ். 'ஃபாஸ்ட்' அட்வெர்பாக வரும்போதும் 'லி' சேராது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் பலகையில் 'ஃபாஸ்ட்லி' என்று எழுதி, பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தது இன்னும் மறக்கவில்லை.

நம் 'ஆன', 'ஆக' இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமான கார், அட்ஜெக்டிவ். வேகமாக ஓட்டினான், அட்வெர்ப். பத்துக்கு எட்டு இடத்தில் இது கைகொடுக்கும்.

கைவிடும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 'அவள் சந்தோஷமாக இருக்கிறாள்' என்பதில் 'ஆக' வருகிறதே என்று 'ஷி இஸ் ஹாப்பிலி' என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். 'ஷி இஸ் ஹாப்பி'தான் சரி. 'ஹாப்பி' அங்கே அவளைப் பற்றிச் சொல்கிறது, இருப்பதைப் பற்றி அல்ல. 'லுக்ஸ்', 'ஸ்மெல்ஸ்' போன்றவையும் அதே ஜாதி. சாம்பார் நன்றாக மணக்கிறதா? 'த சாம்பார் ஸ்மெல்ஸ் குட்.' சந்தேகம் வந்தால் அந்த வினையை எடுத்துவிட்டு 'இஸ்' போட்டுப் பாருங்கள். பொருள் பெரிதாக மாறாமல் வாக்கியம் நின்றால் பின்னால் அட்ஜெக்டிவ்தான் வர வேண்டும்.

கேள்வி: தமிழில் பெயர், வினை, இடை, உரி என்று நான்கே வகை. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் எட்டு?
– வாசகர், காரைக்குடி

பதில்: எட்டு என்பது ஆங்கிலம் பெற்ற எண் அல்ல, வாங்கிய எண். கிரேக்க இலக்கணக்காரர்கள் எட்டு வகை சொன்னார்கள். அதில் 'த' போன்ற ஆர்ட்டிகிளும் ஒன்று. லத்தீனில் ஆர்ட்டிகிள் கிடையாது. ரோமானியர்கள் அதை எடுத்துவிட்டு 'ஐயோ', 'அடடா' போன்ற இன்டர்ஜெக்ஷனைச் சேர்த்தார்கள். லத்தீனைப் பார்த்து ஆங்கிலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள். லிண்ட்லி மர்ரே 1795இல் வெளியிட்ட இலக்கணத்தில் ஆர்ட்டிகிளையும் கூட்டி ஒன்பது இருக்கும். ஆக, எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டாம்.

நன்னூலில் ப்ரோநவுன் பெயரிலேயே அடங்கிவிடும். ப்ரிபோசிஷன் செய்யும் வேலையை நம்மிடம் சொல்லுக்குப் பின்னால் வருபவை செய்கின்றன: 'ஆன் த டேபிள்', மேசை மேல். ஆனால் உரிச்சொல்லை அப்படியே அட்ஜெக்டிவ் என்று எழுதிவிடாதீர்கள். 'சாலச் சிறந்தது' என்பதில் 'சால' உரிச்சொல். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு வருவது 'வெரி', அது அட்வெர்ப்.

கேள்வி: வேலை விண்ணப்பத்தில் 'ஐ வொர்க்டு ஹார்ட்லி ஃபார் 3 இயர்ஸ்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். சரிதானே?
– வாசகர், ஓசூர்

பதில்: மூன்று வருடமாக வேலையே பார்க்கவில்லை என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். 'லி'யை எடுத்துவிட்டு இன்றைக்கே மறுபடி அனுப்புங்கள்.