இரண்டு பைகள், ஒரு நெற்றி

ஐயா,

வரும் அக்டோபரில் நண்பர்கள் நால்வர் நேபாளத்தின் மேரா சிகரம் (6,476 மீட்டர்) ஏறப் போகிறோம். வழிகாட்டி, சுமை தூக்க ஆள், சாப்பாடு எல்லாம் நிறுவனமே பார்த்துக்கொள்ளும். லீவு போதாததால் 18 நாள் திட்டத்தை 14 நாளாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறோம். ஷெர்பாக்கள் அங்கேயே பிறந்தவர்கள், அவர்களுக்குச் சிரமமில்லை. எங்களுக்குத்தான் பயம். என்ன பூட்ஸ் வாங்கலாம்? ஜிம் பயிற்சி போதுமா?

க., கோவை

அன்புள்ள க.,

பூட்ஸ் காத்மாண்டு தமேலில் வாடகைக்கே கிடைக்கும். ஜிம்மை விடுங்கள், முதுகில் பத்து கிலோவோடு மருதமலைப் படியேறுங்கள்.

'அவர்களுக்குச் சிரமமில்லை' என்று யார் சொன்னது உங்களுக்கு? ஷெர்பா என்பது வேலையின் பெயரல்ல, ஓர் இனத்தின் பெயர். உங்கள் பையைத் தூக்கப்போகிறவர் பெரும்பாலும் கீழ்மலையிலிருந்து கூலிக்கு வரும் ராய் இனத்தவராகவோ தமாங் இனத்தவராகவோ இருப்பார். உயரம் உங்களைப் போலவே அவரையும் அடிக்கும்.

2009-ல் மேராவுக்குப் போனபோது நாங்களும் இப்படித்தான் நாளைக் குறைத்தோம். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டக்கூடாது என்பார்கள். நாங்களோ பாங்கோம் கிராமம் வழியாகச் சுற்றாமல், சுமார் 2,850 மீட்டரில் இருக்கும் லுக்லாவிலிருந்து நேரே 4,600 மீட்டர் ஜத்ர்வா கணவாயில் ஏறினோம். எங்களிடம் உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை இருந்தது. சுமைக்காரப் பையனிடம் கேன்வாஸ் ஷூதான் இருந்தது. இருபது வயதுகூட இருக்காது. என் பையையும் நண்பனுடையதையும் சேர்த்துக் கட்டி, நாம்லோ பட்டையை நெற்றியில் மாட்டித் தூக்கினான். நேபாளத்தில் ஒருவருக்கு 30 கிலோதான் வரம்பு. அந்தக் கட்டு நிச்சயம் அதைத் தாண்டியிருக்கும். என் பையில் ஒரு கேமரா முக்காலி இருந்தது. திரும்பும்வரை அதை நான் வெளியே எடுக்கவே இல்லை.

கணவாயைத் தாண்டித் தங்கிய இரவு முழுக்க அவன் இருமினான். காலையில் பட்டையைக் கழற்றியபோது நெற்றியில் விரல் அகலத்துக்குப் பள்ளம். குழுத்தலைவர் கூலியை எண்ணிக் கொடுத்து, லுக்லாவுக்குத் திரும்பிப் போ என்றார். தனியாக. லுக்லா போக அதே கணவாயை மறுபடி ஏறவேண்டும். மூச்சுக்குத் திணறுபவனைக் கீழே இறக்காமல் மேலே ஏற அனுப்பினோம். கையில் டீயோடு நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் ஊர் போய்ச் சேர்ந்தானா என்று இன்றுவரை தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

1953-ல் மேராவில் முதலில் ஏறிய ஜிம்மி ராபர்ட்ஸ், எவரெஸ்ட் குழுவுக்கான ஆக்சிஜன் உருளைகளைச் சுமையாட்களோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் அங்கே போனார். நீங்களும் அவர்கள் தோளில்தான் போகிறீர்கள் தம்பி.

இன்றே நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஒருவருக்கு எத்தனை கிலோ? மேராவின் அடிவாரமான காரேயில், 5,000 மீட்டரில், அவர்கள் எங்கே படுப்பார்கள், எதைப் போர்த்துவார்கள்? அவர்களுக்கு முடியாமல் போனால் துணைக்கு இறங்குவது யார்? ஹெலிகாப்டர் காப்பீடு அவர்களுக்கும் உண்டா? மழுப்பினால் வேறு நிறுவனம் பாருங்கள்.

18 நாளைக் குறைக்காதீர்கள். லீவு இல்லையென்றால் அடுத்த வருடம் போங்கள். நிறுவனத்தின் பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.