பசியும் பருவமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செம்பனைக் காட்டில் மேய்க்கிறோம். குட்டி போட்டு ஏழு மாதமாகியும் ஐந்து ஆடுகள் கிடாவைத் தேடவே இல்லை. வைட்டமின் ஊசி போடலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஊசி வாங்குவதற்கு முன், கடைசி விலாவுக்குப் பின்னால் முதுகெலும்பைக் கையால் அழுத்திப் பாருங்கள். எலும்பு முனை கூராகக் குத்தினால் ஆட்டின் சதைப்பற்றைக் காட்டும் உடல் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டுகூடத் தேறாது. கிடாவிடம் விட 2.5 முதல் 3 வரை வேண்டும்.

உடம்பில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்வது லெப்டின் என்ற ஹார்மோன். கொழுப்புச் செல்கள்தான் அதைச் சுரக்கின்றன. மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலமஸில் அதற்கான ஏற்பிகள் உண்டு. லெப்டின் குறைந்தால் பசி ஏறும். கூடவே சினைப்பையை இயக்கும் ஜி.என்.ஆர்.எச். ஹார்மோனின் துடிப்பும் தளரும். ஜி.என்.ஆர்.எச். சுரக்கும் நரம்புகளில் லெப்டின் ஏற்பி கிடையாது, கிஸ்பெப்டின் போன்ற இடைத்தூதர்கள் வழியாகத்தான் செய்தி போகிறது. துடிப்பு தளர்ந்தால் கருமுட்டை வெடிக்காது, ஆடும் பருவத்துக்கு வராது.

முதலில் கீழ் இமையைப் புரட்டிப் பாருங்கள். உள்பக்கம் வெளிறியிருந்தால் இரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழு இருக்கக்கூடும். புழு நீக்காமல் போடும் தீவனம் வீண். பிறகு, கிடாவிடம் விடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து அடர்தீவனம் கொடுங்கள். முதல் நாள் 50 கிராம், ஒரு வாரத்தில் மெல்ல ஏற்றி 250 கிராம். இணை சேர்ந்த பிறகும் இரண்டு வாரம் நிறுத்த வேண்டாம். அவசரப்பட்டு ஒரே நாளில் கொட்டினால் வயிற்றில் அமிலம் பெருகி ஆடு படுத்துவிடும். பி.கே.சி. என்கிற செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கை வெள்ளாடு ஓரளவு தாங்கும். செம்மறிக்கு அதையே முழுத் தீவனமாக வைக்காதீர்கள். அதிலுள்ள செம்பு ஈரலில் சேர்ந்து காமாலையில் கொன்றுவிடும்.

அந்த மூன்று வாரமும் கிடாவின் வாடைகூடப் படாமல் தூரக் கட்டி வைத்து, பிறகு உள்ளே விடுங்கள். கிடாத் தலையிலிருந்து வரும் வாடையே பெட்டை ஆட்டின் ஜி.என்.ஆர்.எச். துடிப்பைத் தூண்டும். பருவச் சுற்று ஏறக்குறைய 21 நாள். அதற்குள் பலன் தெரியாவிட்டால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் லாப்ரடோர் தட்டை நக்கி முடித்ததும் அடுத்த தட்டுக்கு நிற்கிறது. வளர்ப்பில் தவறா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பிறப்பிலேயே இருக்கலாம். லாப்ரடோர்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு பி.ஓ.எம்.சி. மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டிருப்பதை 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மூளையிலுள்ள எம்.சி.4 ஏற்பியைத் தட்டி 'போதும்' என்று சொல்லும் பீட்டா எம்.எஸ்.எச். என்ற ஹார்மோன் அந்த நாய்களில் சரியாக உருவாவதில்லை. எலிகளுக்கு அந்த ஹார்மோனே கிடையாது. ஆகவே எலியை வைத்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. இந்த நாய்கள் ஓய்வில் எரிக்கும் ஆற்றலும் சுமார் 25 விழுக்காடு குறைவு.

அதைத் திட்டாதீர்கள், அதன் பசி உண்மையான பசி. தீவனத்தைக் குவளையால் அளக்காமல் தராசில் நிறுத்து, மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கறிக்குழம்புச் சோறு வேண்டவே வேண்டாம். எடை ஏறுவது ஒருபுறம், வெங்காயம் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும்.

கேள்வி: நெடுந்தூர ஓட்டப் பயிற்சி எடுக்கும் என் மகளுக்கு (17) நாலு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. உடல் சூடுதான் காரணமா?
– தாய், சுங்கை சிப்புட்

பதில்: சூடு இல்லை அம்மா. பெரும்பாலும் ஓட்டத்துக்கு ஈடாகச் சாப்பாடு இல்லாததே காரணம். மூன்று மாதம் தவறினாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும்; தைராய்டு, புரோலாக்டின், கர்ப்பம் மூன்றையும் சோதித்து விலக்குவார்.

கொழுப்பு நீங்கலான எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 45 கிலோகலோரி தேவை. ஓட்டத்தில் எரிந்தது போக உடம்புக்கு மிஞ்சுவது 30-க்குக் கீழே இறங்கினால், உடல் மெலியும் முன்பே, ஐந்தே நாளில் கருமுட்டையை வெடிக்கத் தூண்டும் எல்.எச். ஹார்மோனின் துடிப்பு தளர்ந்துவிடும். கொழுப்பு நீங்கலாக 40 கிலோ இருக்கும் பெண்ணுக்கு 1,800, ஓட்டத்துக்கு 500, ஆக 2,300. காலையில் பசியாறாமல் ஓடவிடாதீர்கள். கருத்தடை மாத்திரையால் மாதாமாதம் இரத்தம் போகும், ஆனால் மூளை விழித்துக்கொண்டதாக அர்த்தமில்லை. எலும்பு தேய்வதும் அதனால் நிற்காது.