துப்பாக்கி ரவை நிரப்பினால் காசு மிஞ்சுமா? தம்பிலுவில் தம்பிக்குப் பதில்

தம்பி, நீ தம்பிலுவில், நான் மண்டூர்ப் பக்கம், இரண்டும் கிழக்கிலங்கைதான். அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன். கனடாவின் அல்பேர்ட்டாவுக்கு வந்து ஒரு வருடமும் ஆகவில்லை, கூட வேலை செய்பவர்கள் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், .308 ரைபிள் ஒன்று எடுக்க யோசனை, ரவைப் பெட்டியின் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, சுட்ட வெற்றுக் கோதை வீட்டிலேயே திரும்ப நிரப்பினால் பாதி விலைக்கு முடியுமாமே என்று கேட்டிருக்கிறாய். கூடவே எந்த ஸ்கோப், எந்தச் சப்பாத்து, எட்மன்டனா கல்கரியா என்றும் கேட்டிருக்கிறாய். ஸ்கோப்பைக் கடைக்காரனிடம் கேள். சப்பாத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஊர் எது என்பதை வேலை தீர்மானிக்கும்.

ரவைக்கு வருவோம். பாதி விலை என்று சொன்னவன் பாதிக் கணக்கைத்தான் சொல்லியிருக்கிறான். ஒரு ரவைக்கு நாலு சாமான் வேண்டும்: பித்தளைக் கோது, அதன் அடியில் பொறி வைக்கிற பிரைமர், வெடிமருந்து, பறந்து போய்த் தைக்கிற சன்னம். மருந்தை ராத்தலாக (பவுண்ட்) வாங்குவோம், கிரெயினாக அளப்போம்; ஒரு ராத்தலுக்கு 7000 கிரெயின். .308க்கு நாற்பதும் சொச்சமும் போகும், ஆக ஒரு டப்பாவில் நூற்றைம்பது, நூற்றறுபது ரவை வரும். நான் வாங்குகிற கடையில் டப்பா எழுபது டொலர் அளவில், அப்படியென்றால் ரவைக்கு 45 சதம். பிரைமர் 13 சதம் என்று வை. வேட்டைக்கான நல்ல சன்னம் 80 சதம். கோதை ஐந்தாறு தரம் பாவிக்கலாம், அதற்கு 20 சதம் போடு. மொத்தம் ஒரு டொலர் அறுபது சதம் வரும். சாதாரண இருபது ரவைப் பெட்டி 45, 50 டொலர். ஒரு ரவை இரண்டேகால் டொலரோ இரண்டரையோ. மிஞ்சுவது எண்பது சதம் போல.

இனி மற்றப் பாதி. பிரஸ் என்கிற அழுத்தும் கருவி, அதில் பூட்டும் டை என்கிற அச்சு, தராசு, கோதின் நீளம் வெட்டுகிற கருவி, கலிப்பர், புத்தகம் எல்லாம் புதிதாக எடுத்தால் ஐந்நூறு, அறுநூறு டொலர் போய்விடும். அந்தக் காசைத் திரும்ப எடுக்க அறுநூறு, எழுநூறு ரவை சுட வேண்டும். நீ மான் வேட்டைக்குப் போகிற ஆள். ஸ்கோப்பைச் சரிபார்க்க ஒரு பெட்டி, மானுக்கு ஒன்றோ இரண்டோ. வருடத்துக்கு இரண்டு பெட்டி என்று தாராளமாகப் பிடித்தாலும் பதினைந்து வருடத்துக்கு மேலாகும். வார விடுமுறை தவறாமல் சூட்டுத்திடலுக்குப் போகிறவர்களுக்கு இது சரிவரும். உனக்கு வராது. .223 போன்ற மலிவான ரவைகளில் மிச்சம் இன்னும் குறைவு. சின்ன .22ஐ நிரப்பவே முடியாது, அதன் பிரைமர் கோதின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது.

தட்டுப்பாட்டுக் காலத்தில் கைகொடுக்கும் என்று உனக்கு யாராவது சொல்வார்கள். 2020இல் கொரோனாவோடு பெட்டிகள் மறைந்தபோது பிரைமரும் சேர்ந்துதான் மறைந்தது. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு மருந்து செய்கிற மூலப்பொருள் பீரங்கிக் குண்டுக்குப் போனதால் டப்பா விலையும் ஏறியது. பிரஸ் மேசையில் சும்மா இருந்தது.

நான் நிரப்புவது .303க்கு மட்டும். திரீ நொட் திரீ. எங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையத்தில் தோளில் தொங்கியதே, அதே லீ என்ஃபீல்ட். இங்கே பழைய விவசாயிகள் வீட்டில் மரத்தைச் செதுக்கிக் குறைத்து வேட்டைக்கு வைத்திருப்பார்கள். அதன் பெட்டி விலையும் அதிகம், நினைத்த நேரம் கிடைப்பதுமில்லை. அதனால் அதில் கணக்குச் சரிவரும். ஆனால் அந்த ரைபிளில் ரவை இருக்கிற அறை கொஞ்சம் விசாலம், சுடும்போது கோது நீளும். அடியில் இருந்து சற்று மேலே மினுக்கமாக ஒரு வளையம் தெரிந்தால் அங்கே கோது மெலிந்துவிட்டது, எறிந்துவிட வேண்டும். வெளியே தெரியாவிட்டாலும் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மடக்கி, உள்ளே விட்டு மேலும் கீழும் இழுப்பேன். பள்ளத்தில் நுனி தட்டினால் அந்தக் கோதுக்கு ஆயுள் முடிந்தது. மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். அளவு புத்தகத்தில் உள்ளது, எவன் வாயிலிருந்து வருவதும் இல்லை. ஃபோன் வேறு அறையில்.

இதை எல்லாம் எனக்குக் காட்டித் தந்தவர் இறைச்சிக் கொம்பனியில் என்னோடு கத்தி பிடித்த ஓர் உக்ரைன் வம்சக் கிழவர். நான் முதலில் வந்து இறங்கியது ரொறன்ரோவில். ஒரு பேஸ்மென்டில் ஆறேழு பேர், பாய் விரித்தால் நடக்க இடமில்லை. வேலை எடுத்துத் தந்த நம்மவர் ஒருவர் முதல் மாதச் சம்பளத்தில் பாதியைக் கையோடு வாங்கிக்கொண்டார், பிறகு கோயிலில் கண்டால் முகத்தைத் திருப்பினார். மேற்கே போகிறேன் என்றதும், அங்கே குளிரும் மாடும்தான் என்று சிரித்தார்கள். சரி, சிரிக்கட்டும். அவர்களில் பலர் இன்னும் வீட்டுக் கடன் கட்டுகிறார்கள். என் குளிர்பெட்டியில் மானிறைச்சி இருக்கிறது. தேங்காய்ப்பால் விட்டு என் மனைவி வைத்தால் அந்தக் கிழவரே இரண்டாம் தரம் கேட்பார்.

நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், இதுதான் முக்கியம். துவக்குக்கு, அதாவது துப்பாக்கிக்கு, முன் லைசன்ஸ். பாதுகாப்பு வகுப்பு எடுத்துச் சித்தியடைய வேண்டும், முதல்முறை விண்ணப்பித்தால் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. இரண்டு பேர் உனக்குச் சாட்சி சொல்ல வேண்டும். மனைவி இருந்தால் அவளுடைய கையெழுத்தும் கேட்பார்கள், அவள் போடாவிட்டால் அவளுக்கு அறிவித்தல் போகும். அதனால் வாங்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைக்காதே. லைசன்ஸ் இல்லாமல் ரவைப் பெட்டியும் தரமாட்டார்கள். வேட்டைக்கு மாகாணத்தின் படிப்பும் அனுமதியும் வேறு.

அப்புறம் பை. சூட்டுத்திடலுக்குக் கொண்டுபோன பையை ஒருநாளும் ஊர்ப் பயணத்துக்கு எடுக்காதே. ஓரத்துத் தையலுக்குள் ஒரு ரவை ஒளிந்துகொள்ளும், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதற்கு உன்னிடம் பதில் இருக்காது. துவக்கோடு நின்று எடுத்த படத்தைக் குடும்ப வட்ஸ்அப்பில் போடுவதையும் விடு. தொண்ணூறுகளில் சட்டைப் பையில் ஒரு வெற்றுக் கோது கிடந்தால் சோதனைச் சாவடியில் என்ன நடக்கும் என்பது உன் அப்பாவுக்குத் தெரியும், கேட்டுப்பார். விளையாடப் பொறுக்கி வந்த கோதை அம்மா என் கையிலிருந்து பறித்துக் கிணற்றடிச் சேற்றுக்குள் மிதித்துத் தாழ்த்தினா.

அதற்கு முந்திய காலத்தில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வயலில் பெரியப்பாவிடம் லைசன்ஸ் துவக்கு ஒன்று இருந்தது, பன்றிக்கும் யானைக்கும். தோட்டாவை எண்ணித்தான் வெளியே எடுப்பார். பெரும்பாலும் வயல் குடிசையான வாடியில் இருந்து தகரம் தட்டுவதோடு இரவு போய்விடும், ஒரு வெடி வைத்தால் அடுத்த நாள் வயல் வேலை செய்கிற முல்லைக்காரர் எல்லோருக்கும் அதுதான் கதை. எண்பதுகளில் ஊரில் இருந்த துவக்குகளையெல்லாம் ஆயுத இயக்கப் பொடியன்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள், அவருடையதும் அதோடு போனது. பிறகு பன்றி வந்ததென்றால் தகரம் மட்டும்தான். அந்த வருடங்களில் பாதி வேளாண்மை பன்றிக்குத்தான் போனது என்று சாகும்வரை திட்டிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் கடையில் இரண்டு பெட்டி எடு, ஒரே வகை, ஒரே நிறைச் சன்னம். சுட்ட கோதுகளை ஒரு போத்தலில் போட்டு வை. வேட்டைப் பித்து நிலைத்தால் அடுத்த வருடம் என் பிரஸ்ஸில் வந்து நிரப்பிப் பார், சொந்தமாக வாங்குவதை அதற்குப் பிறகு பேசலாம்.