இரண்டு லட்சம் கட்டுவதற்கு முன்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். நீட் தேர்வில் போதிய மதிப்பெண் வராத மகள், நுரையீரல் நோய் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். மருத்துவ ஆய்வுப் பணிக்கான ஆறு மாத டிப்ளமோவுக்கு இரண்டு லட்சம் கேட்கும் ஒரு தனியார் நிறுவனம் 'வேலை உறுதி' என்கிறது. உங்கள் வீட்டுக்காரரோ, "காசநோய் ஒட்டிக்கொண்டால் யார் பெண் எடுப்பார்கள்?" என்கிறார்.

முதலில் அவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்ட கேள்வியிலிருந்துதான் சென்னையின் மிகப் பெரிய மருத்துவ ஆய்வு ஒன்று பிறந்தது. காசநோயாளியை வீட்டில் வைத்திருந்தால் குடும்பத்துக்கே தொற்றும், சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்க வைக்கும் மருத்துவமனையில், சேர்ப்பதே வழி என்று எல்லோரும் நம்பிய காலம் அது. இத்தனை நோயாளிகளுக்குப் படுக்கைக்கு எங்கே போவது? 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டது போல இரு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழு சானடோரியத்தில், மறு குழு வீட்டில். மருந்து இரு குழுக்களுக்கும் ஒன்றே. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தருவதாக 1959இல் முடிவு வெளியானது. வீட்டாரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், நோயாளி வீட்டிலிருந்ததால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை என்பதும் தெரிந்தது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். நோய் இன்னும் கண்டுபிடிக்கப்படாதவர் காற்றோட்டமில்லாத அறையில் இருமுவதில்தான் பெரும்பகுதி ஆபத்து. அதனால்தான் சளி மாதிரியை முடிந்தவரை திறந்தவெளியில் எடுக்கிறார்கள். ஊழியர்கள் என்-95 முகக்கவசம் அணிகிறார்கள். மகள் எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் இவை இரண்டும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று கேட்கச் சொல்லுங்கள்.

ஆராய்ச்சி என்றால் ஏழைகள் மீது மருந்தைச் சோதிப்பதுதானே என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வில் சோதித்தது மருந்தை அல்ல, உணவை. காசநோயாளிகளின் வீட்டாரில் ஒரு பகுதியினருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை என்று கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. 2023இல் முடிவு வெளியானது. மருந்தைச் சோதிக்கும் ஆய்வுகளும் நிறைய உண்டு. அவற்றுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும், நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி வாங்கிய ஒப்புதலும் வேண்டும். அதைப் பொறுமையாக விளக்குபவர்தான் ஆய்வு ஒருங்கிணைப்பாளர். உங்கள் மகள் குறி வைக்கும் வேலையும் அதுவே.

இனி டிப்ளமோ. என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: பிளஸ் டூ முடித்த கையோடு அதில் சேர்க்காதீர்கள். அந்த ஆறு மாதத்தில் விதிமுறைகளையும் படிவங்களையும் சொல்லித் தருவார்கள். நோயாளியின் பக்கத்தில் நின்று செய்யும் கைத்திறன் வராது. ஸ்பைரோமெட்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமாவையும், சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயையும் பிரித்தறிய உதவும் ஊதுகிற சோதனை இது. கருவி தானாக எண்ணைக் காட்டிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மூச்சை முழுக்க இழுத்து, ஒரே வீச்சில் வெளியே தள்ளி, இனி இல்லை என்னும்வரை ஊத வேண்டும். அதுவும் குறைந்தது மூன்று முறை சரியாக. முப்பது வருடம் விறகடுப்பு ஊதி மூச்சு வாங்கும் பாட்டியை அப்படி ஊத வைப்பது தனித் திறமை. "இன்னும், இன்னும், விடாதீங்க பாட்டி" என்று உற்சாகப்படுத்தத் தெரியாதவர் எடுத்த அளவு, நோயே இல்லாதவருக்கு நோய் இருப்பதாகக் காட்டும். இருப்பதை மறைத்தும் விடும். அப்படிப்பட்ட அளவுகளை வைத்து எழுதிய ஆய்வுக்கு மதிப்பில்லை.

அந்தத் திறமையைக் கற்றுத் தருவது பி.எஸ்சி. சுவாச சிகிச்சைப் படிப்பு. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு ஆண்டுகள். தமிழ்நாட்டில் துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கு இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கலந்தாய்வு நடந்து வருகிறது. விண்ணப்பிக்கும் ஆண்டின் விவரக் குறிப்பேட்டை ஒருமுறை படித்துவிடுங்கள். ஆய்வகத்தில் மனம் இருந்தால் நுண்ணுயிரியல், கணக்கில் ஆர்வமிருந்தால் புள்ளியியல். ஆய்வு விதிமுறைப் பயிற்சியைப் பட்டத்துக்குப் பிறகு குறைந்த செலவில், பல நேரம் வேலையிடத்திலேயே பெறலாம்.

ஒரு கசப்பையும் சொல்ல வேண்டும். ஆய்வுத் திட்டப் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்தப் பணிகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. சுவாச சிகிச்சைப் பட்டம் கையில் இருந்தால் அந்த இடைவெளியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் திரும்பலாம். வெறும் டிப்ளமோவை வைத்துக்கொண்டு எங்கே திரும்புவது?

அந்த நிறுவனத்துக்கு நேரில் போய், சென்ற ஆண்டு படித்தவர்களில் ஐந்து பேர் இப்போது எங்கே, என்ன பதவியில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். 'வேலை உறுதி' என்பதைப் பணம் திரும்பத் தரும் நிபந்தனையோடு எழுத்தில் தருவார்களா என்றும் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். அதுவரை முன்பணமாகக்கூட எதையும் கட்ட வேண்டாம்.