போஹோ பாவாடை, பவளத் துண்டு, ‘ஃப்ரீ சைஸ்’: வாங்குவோர் கேள்வி-பதில்

கே: என் உயரம் 4 அடி 11 அங்குலம். தரையைக் கூட்டும் அடுக்குப் பாவாடை ஒன்று எடுத்தேன். பாவாடைக்குள் ஆளைக் காணோம் என்று தோழிகள் சிரிக்கிறார்கள். நாடோடி பாணி உடுப்பான இந்த போஹோ எனக்குச் சரிப்படாதா?
— வாசகி, உச்சிப்புளி

ப: சரிப்படும். ரெடிமேட் பாவாடைதான் சரிப்படாது. 40 அங்குல நீளம், நாலைந்து அடுக்கு, நெருக்கமான சுருக்கம் என்று அது நெடிய ஆளுக்காகத் தைத்தது. துணி எடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். நீளம் 36. மூன்றே அடுக்கு: மேலிருந்து 10, 12, 14. இடுப்புக்குக் கீழே அகலமான இடத்தில் சுற்றளவு 38 என்றால் முதல் அடுக்கு 42, இரண்டாவது 63, மூன்றாவதை 88-ல் நிறுத்திவிடச் சொல்லுங்கள். ஒன்றரை மடங்குக்கு மேல் சுருக்கம் வைத்தால் தொடைப் பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். 44 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள காட்டன் இரண்டேகால் மீட்டர் போதும். துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, அப்புறம் தையல்காரரிடம் கொடுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் முதலில் இழுபடுவது அடுக்கு சேரும் இடம்.

பூ, கட்டம் எதுவானாலும் ஒரு அங்குலத்துக்குள் இருக்கட்டும். மேலே இடுப்போடு நிற்கும் ஒற்றை நிறச் சட்டை. தொடைவரை குர்தி தொங்கினால் இன்னும் குட்டையாகத் தெரிவீர்கள். கடைசி அடுக்கின் கீழ் மடிப்பு 2 அங்குலம் வேண்டும். உங்கள் பக்கத்துக் கடற்காற்றுக்கு அந்தக் கனம் கொஞ்சமாவது தாக்குப்பிடிக்கும். சேலை கார்டு இல்லாத பைக்கில் இதைக் கட்டிக்கொண்டு ஏறவே வேண்டாம்.

கே: கண்ணாடி வேலை ஜாக்கெட், குஞ்சம் வைத்த பை, நெற்றிச்சுட்டி, சோழிக் கொலுசு, பெரிய வளையம் எல்லாம் வாங்கிவிட்டேன். தோழி கல்யாணத்துக்கு ஒன்றாகப் போடலாமா?
— வாசகி, பரமக்குடி

ப: கல்யாணம் தோழிக்கு. ஜாக்கெட்டோடு நிறுத்துங்கள்.

கே: ராமேஸ்வரத்தில் சோழி மாலையும், வெள்ளைப் பவளத் துண்டு கோத்த மாலையும் வாங்கினேன். பவளத்தைப் போடாதே, போலீஸ் பிடிக்கும் என்கிறார் அண்ணன். பயமுறுத்துகிறாரா?
— வாசகி, ராமநாதபுரம்

ப: அண்ணன் சொல்வது சரி. பவளப்பாறை, கருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ளவை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-லேயே கடல்வாழ் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். நம் ஊரில் இருந்துகொண்டு தெரியாது என்று சொல்ல முடியாது. அந்த மாலையைப் பற்றி வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். இனி சங்கு, சிப்பி வாங்கும்போதும் பெயரைக் கேட்டு வாங்குங்கள். சில இனங்கள் அதே பட்டியலில் இருக்கின்றன. சாதாரணச் சின்னச் சோழி மாலையைப் போடலாம். ஒற்றைச் சரம், கழுத்தெலும்புக்கு நாலு விரல் கீழே, அன்றைக்குக் காதில் பொட்டுத் தோடு மட்டும்.

கே: ‘ஃப்ரீ சைஸ்’ என்று போட்டிருந்த கஃப்தான், அதாவது தளர்வான அங்கி. என் மார்புச் சுற்று 44. உடம்பு தொளதொள, அக்குளில் மட்டும் பிடிக்கிறது. கையைத் தூக்கினால் மொத்தமும் மேலே ஏறுகிறது.
— வாசகி, தொண்டி

ப: இந்த ‘ஃப்ரீ சைஸ்’ என்ற வார்த்தையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அளவுவாரியாக வெட்டினால் ஆறு பேட்டர்ன் போடவேண்டும், ஆறு சைஸ் சரக்கு வைக்கவேண்டும், விற்காத சைஸ் தேங்கும். ஒரே அளவில் வெட்டி ‘எல்லோருக்கும் பொருந்தும்’ என்று ஒட்டிவிட்டால் அந்தச் செலவெல்லாம் மிச்சம். பொருந்தாத நஷ்டம் உங்கள் தலையில். ‘28 முதல் 40 வரை’ என்று விற்கும் எலாஸ்டிக் பாவாடையும் இதே கதைதான். 40 இடுப்புக்கு எலாஸ்டிக் முழுக்க விரிந்து, மேலடுக்கின் சுருக்கம் எல்லாம் காணாமல் போய், வயிற்றில் தடம் பதியும். கஃப்தானில் உடம்பு அகலத்தைத் தாராளமாக விடுகிறார்கள். தோளும் அக்குள் இறக்கமும் நடுத்தர ஆளுக்கு வெட்டியது, அதற்கு எலாஸ்டிக்கும் கிடையாது. உங்களுக்குப் பிடிப்பது அங்கேதான்.

வாங்கும் முன் நாலு அளவு கேளுங்கள்: மார்பு, தோள், அக்குள் இறக்கம், நீளம். உங்களிடம் நன்றாகப் பொருந்தும் குர்தியைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்குங்கள். கஃப்தான் என்றால் உடம்பின் மார்புச் சுற்றைவிட 8 அங்குலமாவது கூடுதல் வேண்டும், உங்களுக்கு 52. அளவு சொல்லத் தெரியாத கடையில் எடுக்காதீர்கள்.

இப்போது இருப்பதைக் காப்பாற்றலாம். கீழ் ஓரத்தில் கொஞ்சம் வெட்டி, 4 அங்குலச் சதுரத் துண்டு இரண்டு எடுத்து, அக்குள் தையலைப் பிரித்து டைமண்ட் வாக்கில் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கை தாராளமாகத் தூக்க வரும். மார்புக்குச் சற்றுக் கீழே உள்பக்கம் நாடா ஓட்டி லேசாக இழுத்துக் கட்டினால் தொளதொளப்பும் போய்விடும்.

கே: 70 சதவீதத் தள்ளுபடியில் போஹோ கவுன். இன்று இரவோடு ஆஃபர் முடிகிறதாம். வாங்கவா?
— வாசகி, தேவிபட்டினம்

ப: நாளைக்கும் இருக்கும்.

கே: ‘ஹேண்ட்லூம் காட்டன்’ என்று 399 ரூபாய்க்கு மூன்று டாப்ஸ் வாங்கினேன். தொட்டுப் பார்க்கவில்லை, பில்லும் வாங்கவில்லை. ஒரே துவைப்பில் குட்டையாகிவிட்டது. ஏமாந்துவிட்டேனா?
— வாசகர், திருவாடானை

ப: 133 ரூபாய்க்குக் கைத்தறி டாப்ஸ் கிடைக்கும் என்று நம்பினீர்களா? தையல் கூலியே கட்டாது. அநேகமாக ரயான். உள் தையலில் ஒரு நூலை உருவி, நடுவில் நனைத்து, இரண்டு பக்கமும் இழுங்கள். நனைந்த இடத்திலேயே பட்டென்று அறுந்தால் ரயான். காட்டன் நூல் நனைந்தால் இன்னும் உறுதியாகும். எரித்தால் உருகி மணிபோல் கெட்டியானால் பாலியஸ்டர் கலந்தது. ரயான் கெட்ட துணி இல்லை. பருத்த உடம்பில் ஒட்டாமல் அழகாக விழும். குளிர்ந்த நீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் போட்டால் உழைக்கும். அதைக் கைத்தறி என்று விற்பதுதான் அநியாயம். அப்படி விலை கொடுத்து வந்த ஒன்று என் வீட்டில் இப்போது தரை துடைக்கிறது. அசல் கைத்தறிக்கு அடையாளமாக 2006-ல் வந்த ஹேண்ட்லூம் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள், பில் கேளுங்கள். பில் இல்லாத சண்டைக்கு என்னால் உதவ முடியாது.

கே: ஆக்சிடைஸ்டு கொலுசு போட்ட இடத்தில் பச்சை படிகிறது, அரிக்கிறது. ‘ஜெர்மன் சில்வர்’ என்றுதான் கொடுத்தார்கள்.
— வாசகி, மண்டபம்

ப: அதில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. பச்சை செம்பால், அரிப்பு பெரும்பாலும் நிக்கலால். கழற்றிவிடுங்கள். உள்பக்கம் நெயில் பாலிஷ் அடிக்கச் சொல்வார்கள். சில நாளில் உரிந்துவிடும். அடுத்த முறை கடைக்குச் சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். வெள்ளி என்று சொன்னால் ஹால்மார்க் முத்திரையும் 925 எண்ணும் காட்டச் சொல்லுங்கள். நூல், மரமணி, சுடுமண் எதுவும் உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளும்.

கே: கலம்காரி துப்பட்டாவின் சிவப்பு இறங்கி வெள்ளைக் குர்தி வீணாகிவிட்டது. பில் இருக்கிறது. ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று அச்சடித்ததைக் காட்டுகிறார் கடைக்காரர். உப்பில் ஊறவைக்கவில்லையே என்று என்னையே திட்டுகிறார்.
— வாசகி, ராமநாதபுரம்

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. உப்பு சாயம் போடும்போது துணிக்குள் ஏற உதவும். சரியாகப் பிடிக்காத சாயத்தை வீட்டில் உப்புப் போட்டு நிறுத்த முடியாது. ‘வாபஸ் இல்லை’ என்ற அச்சுக்கும் பயப்படாதீர்கள். நிறம் பிடிக்கவில்லை என்றால் அவர் மறுக்கலாம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. துப்பட்டாவைத் துவைக்காமல் அப்படியே வையுங்கள். ஈர வெள்ளைக் கைக்குட்டையால் பத்து முறை தேய்த்து, ஒட்டிய சிவப்பைப் போட்டோ எடுத்து, கடிதமாக எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள்.

கே: இன்ஸ்டாகிராமில் பார்த்த குரோஷே ஜாக்கெட்டுக்கு யூபிஐயில் 1,850 ரூபாய் அனுப்பினேன். வந்தது கிழிந்த வலைத்துணி. கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்கள். வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.
— வாசகி, கீழக்கரை

ப: கூச்சப்படவேண்டியது அவர்கள், தங்கச்சி. இன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். பணமோசடிப் புகாரில் தாமதம் ஆக ஆகப் பணம் கை மாறிவிடும். யூபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் இருக்கும், குறித்துக்கொண்டு வங்கியிலும் புகார் போடுங்கள். விளம்பரம், உரையாடல், அவர்கள் கணக்கின் பெயர் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விற்றவர் ஆள் யார் என்று தெரிந்துவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்தில் போடச் சட்டம் இடம் தருகிறது. இரண்டு வருடம் கெடு. வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. பார்சல் உறையை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அனுப்பியவர் முகவரியும் கூரியர் எண்ணும் அதில்தான் இருக்கும்.