யன்னல் கண்ணாடிக்கு மறைப்பு ஸ்ரிக்கர் நாங்களே ஒட்டலாமா, இரவிலும் மறைக்குமா?

யாழ்ப்பாணத்தில் புது வீடு, அலுமினிய யன்னல், வெறும் கண்ணாடி, பக்கத்து வீட்டிலிருந்து உள்ளே தெரிகிறது, ஸ்ரிக்கர் ஒட்டினால் இரவிலும் மறைக்குமா, ஆள் பிடிக்காமல் நாங்களே ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான தாளை வாங்கினால் மறைக்கும். நீங்களே ஒட்டலாம், ஆனால் கிணற்றுத் தண்ணீரை நம்பி இறங்காதீர்கள். நான் இரண்டிலும் ஒருமுறை கோட்டை விட்டவள், அதனால் சொல்கிறேன்.

எங்கள் வீடு கோண்டாவிலில். முன்பு கிடுகு வேலி, பிறகு ஆறடி மதில். ஒழுங்கையால் போகிறவர்களுக்கு அது போதும். பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பியதும் கதை மாறியது. அவர்களின் மேல் விறாந்தை நேரே அம்மாவின் அறையைப் பார்க்கிறது. "உவையள் மேல நிண்டு என்ர கட்டிலைத்தான் பாக்கினம்" என்று அம்மா பகலிலும் திரைச்சீலையை இழுத்துவிட்டு, லைற்றைப் போட்டுக்கொண்டு இருக்கத் தொடங்கினார்.

முதலில் நான் வாங்கியது கண்ணாடி மாதிரி மினுங்கும் தாள். பகலில் அருமையாக இருந்தது. நாங்கள் வெளியே பார்க்கலாம், வெளியே நிற்பவருக்கு அவருடைய முகம்தான் தெரியும். நாலாம் நாள் காலை பக்கத்து வீட்டு மாமி மதிலடியில் வந்து நின்று, "பிள்ளை, கொம்மா ராத்திரி குளிசை போடேல்லைப் போல கிடக்கு" என்றார். பார்த்தால் குளிசை மேசையிலேயே இருக்கிறது! அன்று இரவு அறையில் லைற்றைப் போட்டுவிட்டு மாமி வீட்டு மேல் விறாந்தையில் போய் நின்று பார்த்தேன். கட்டில், மின்விசிறி, சுவரில் தொங்கும் கலண்டர், எல்லாம் தெரிந்தது.

அந்தத் தாள் எந்தப் பக்கம் வெளிச்சம் கூடவோ அந்தப் பக்கத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடியாக நிற்கும். பகலில் வெளிச்சம் வெளியே, இரவில் உள்ளே. ஆகவே பொழுதுபட்டதும் நிலைமை தலைகீழ். இரவு மறைப்பு வேண்டுமானால் பால் நிறத்தில் இருக்கும் மங்கல் தாளையோ, அதிலேயே பூ, கோடு போட்ட அலங்காரத் தாளையோ வாங்குங்கள். அது வெளிச்சத்தைச் சிதறடிக்கும், எந்தப் பக்கம் லைற் எரிந்தாலும் உருவம் தெளியாது. யன்னலை ஒட்டி நின்றால் நிழல் தெரியும், இரண்டடி தள்ளினால் அதுவும் கலைந்துவிடும். வெயில் சூட்டை மினுங்கும் தாள் அளவுக்கு இது தடுக்காது. மேற்கு யன்னலுக்கு வெளியே ஒரு தட்டி கட்டுவதுதான் நல்லது.

இன்னொன்று, கடைக்காரர் சொல்லமாட்டார்: தள்ளு யன்னலைத் திறந்தால் தாளும் சேர்ந்து தள்ளுப்படும், திறந்த பாதி திறந்ததுதான். நாங்கள் மாடிக்குத் தெரியாத பக்கத்தை மட்டும் திறக்கிறோம்.

இனி ஒட்டுவது. பசை உள்ளதும் உண்டு, பசையில்லாமல் வழுவழுப்பான கண்ணாடியில் தானாகப் பிடிக்கும் வகையும் உண்டு. வாடகை வீடென்றால் இரண்டாவது. வரி விழுந்த, சொரசொரப்பான கண்ணாடியில் இரண்டுமே நிற்காது. சந்தேகமென்றால் ஒரு துண்டு செலோரேப்பை ஒட்டிப் பாருங்கள்.

வேலையில் முக்கால்வாசி கண்ணாடி துடைப்பதுதான். நான் முதல் தடவை கிணற்றுத் தண்ணீரால் கழுவி, அதே தண்ணீரையே விசிறி ஒட்டினேன். காய்ந்தபின் தாளுக்கு அடியில் வெள்ளை வெள்ளைப் புள்ளி. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல், தண்ணீர் கொதிக்கும் கேத்திலின் அடியில் படிகிற அதே படிவுதான் கண்ணாடியிலும். தாளுக்குள் அகப்பட்டால் பிறகு துடைக்க வழியில்லை. இரண்டாம் தடவை வினாகிரியால் பழைய படிவைக் கரைத்தேன் (தேசிக்காய்ப் புளியும் வேலை செய்யும்), பிளேட்டால் பெயின்ற் துளிகளைச் சுரண்டினேன், பிறகு காய்ச்சி வடித்த போத்தல் தண்ணீரில் கழுவினேன். விசிறுவதற்கும் அதே போத்தல் தண்ணீர், லீற்றருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து துளி. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுவும் நல்லது.

காற்றையும் கவனியுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் ஒழுங்கைப் புழுதி முழுக்க வீட்டுக்குள்தான். விடியற்காலை, யன்னலைப் பூட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். வேர்க்கும், என்ன செய்வது.

தாளைக் கண்ணாடியை விடச் சுற்றிவர ஒரு சென்ரிமீற்றர் பெரிதாக வெட்டுங்கள். பின்தாளை நகத்தால் பிரிக்கப் போனால் மூலை மடிந்துவிடும். மூலையின் இரு பக்கமும் ஒவ்வொரு துண்டு ரேப் ஒட்டி எதிரெதிராக இழுத்தால் சட்டென்று பிரியும். கண்ணாடியையும் பசைப் பக்கத்தையும் சொட்டச் சொட்ட நனையுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். ஈரம் இருக்கும்வரை தாள் வழுக்கும், விரும்பிய இடத்துக்கு நகர்த்தலாம். இதற்கு மட்டும் இரண்டாவது ஆள் தேவை. என் தம்பி மேல் மூலைகளைப் பிடித்தான்.

அப்புறம் தண்ணீரை வெளியே தள்ளுவது. ரப்பர் வழிப்பான் இல்லையென்றால் பழைய ஏரிஎம் அட்டையில் மெல்லிய துணி சுற்றுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, மெதுவாக. தாளின் வெளிப்பக்கத்தையும் நனைத்துவிட்டு வழித்தால் கீறல் விழாது. கடைசியில் புது பிளேட்டால் ஓரத்தை வெட்டும்போது சட்டத்தோடு ஒட்ட வெட்டாமல் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். ரப்பரில் ஏறிய தாள் அங்கிருந்துதான் கிளம்பத் தொடங்கும்.

அடுத்த நாள் தண்ணீர்க் குமிழ் தெரிந்தால் பதறவேண்டாம், சின்னதெல்லாம் சில நாளில் காய்ந்து போகும். நான் பொறுக்காமல் ஊசியால் குத்திய ஒன்று மட்டும் இன்னும் பரு மாதிரி நிற்கிறது. முதல் மாதம் கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் போடாதீர்கள், பிறகும் அமோனியா உள்ளதைத் தவிருங்கள்.

கழற்ற வேண்டி வந்தால் தலைமுடி காயவைக்கும் மெஷினால் சூடுகாட்டி மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். மிஞ்சும் பசைக்குத் தேங்காயெண்ணெய் தடவி அரைமணி நேரம் விட்டால் உருண்டு வரும். மினுங்கும் தாளை நான் அப்படித்தான் எடுத்தேன், ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.