வால்வு மாத்திரை ஊரில் கிடைக்காவிட்டால்?

கேள்வி: என் அம்மாவுக்கு இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். தினமும் அசிட்ரோம் 3 மி.கி. சாப்பிடுகிறார். ஒரு வாரமாக எங்கள் ஊர்க் கடைகளில் அது இல்லை. ஒரு கடையில், “இதுவும் ரத்தம் உறையாம இருக்கத்தான், அதே மூணுதான்” என்று வார்ஃபரின் 3 மி.கி. கொடுத்தார்கள். கையில் நாலு மாத்திரைதான் மீதி. வார்ஃபரினைக் கொடுக்கலாமா?
- வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: கொடுக்காதீர்கள். கடைக்காரர் உதவத்தான் நினைத்திருப்பார். ஆனால் இரண்டும் வேறு வேறு மருந்து, வீரியமும் வேறு. அசிட்ரோம் செய்யும் வேலைக்கு வார்ஃபரின் ஏறக்குறைய இரண்டு மடங்கு தேவைப்படும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். மூன்றுக்கு மூன்று என்று மாற்றினால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) இறங்கி, வால்வில் ரத்தக்கட்டி உருவாகலாம். மைட்ரல் இடத்தில் அந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால்தான் அங்கே உலோக வால்வு உள்ளவர்களுக்கு ஐ.என்.ஆர். பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும் என்கிறோம்.

கடையில் ‘3 மி.கி. இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். அசிட்ரோம் 1, 2, 4 மி.கி. அளவுகளிலும் வருகிறது. 2-ம் 1-ம் சேர்ந்தால் அதே 3 தான். வாங்கி வந்ததும் ஒவ்வொரு அட்டையிலும் மார்க்கர் பேனாவால் ‘1’, ‘2’ என்று பெரிதாக எழுதிவிடுங்கள். அவசரத்தில் அட்டை மாறிப்போய் அளவு கூடியவர்கள் உண்டு. வேறு கம்பெனி மாத்திரை கிடைத்தால் அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். அசினோகுமரால் அல்லது நிக்குமலோன் என்று இருந்தால் அதே மருந்துதான். டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். ஒரு வாரத்தில் ஐ.என்.ஆர். பார்த்துவிடுங்கள்.

சிறிய ஊர்க் கடைகளில் இந்த மாத்திரைக்கு வாடிக்கையாளர் ஓரிருவர்தான். காலாவதியாகிவிடும் என்று பயந்து வாங்கி வைக்க மாட்டார்கள். சீட்டைக் காட்டி, மாதாமாதம் வாங்கிக்கொள்வதாக உறுதி சொன்னால் மொத்த ஏஜென்சியிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். அதற்குள் தேவைப்பட்டால் தஞ்சாவூரில் இதய மருத்துவமனைகளை ஒட்டிய கடைகளில் விசாரியுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதயப் பிரிவிலும் கேட்டுப் பார்க்கலாம். ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஐ.என்.ஆர். நோட்டும் கையில் இருக்கட்டும். பழைய சீட்டு கசங்கியிருந்தால் மருந்தின் பெயர், பிராண்டு, மி.கி., எத்தனை மாதம் என எல்லாம் தெளிவாகப் புதிதாக எழுதி வாங்குங்கள். சீட்டு சரியாக இல்லையென்றால் வெளியூர்க் கடையில் மருந்து இருந்தும் கொடுக்கத் தயங்குவார்கள்.

இரண்டு நாளில் எதுவும் கிடைக்கவில்லையா? மீதி இரண்டு மாத்திரை இருக்கும்போதே இதய மருத்துவரைக் கூப்பிடுங்கள். அசிட்ரோமின் வேகம் நிறுத்திய இரண்டு நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். வார்ஃபரினுக்கு மாற்றுவதா, இடையில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி போடுவதா என்று அவர் முடிவு செய்வார். வார்ஃபரின் நல்ல மருந்துதான், ஆனால் அளவை அவர்தான் சொல்ல வேண்டும். ‘ஐ.என்.ஆர். பார்க்கவே வேண்டாம், புது மாத்திரை வந்திருக்கிறது’ என்று யாராவது சொன்னால் உலோக வால்வுக்கு அது வேண்டவே வேண்டாம். அந்த வகையைச் சேர்ந்த டாபிகாட்ரானை இவர்களிடம் சோதித்த ஆய்வில் ரத்தக்கட்டி, ரத்தக்கசிவு இரண்டுமே கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதன் முடிவு 2013-ல் வெளியானது.

தட்டுப்பாடு நீடித்தால் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் ‘ஃபார்மா ஜன் சமாதான்’ இணையதளத்தில் புகார் பதியுங்கள். மருந்து கிடைக்காததற்கும் அங்கே புகார் செய்யலாம். இனிமேல் பதினைந்து நாள் மாத்திரை எப்போதும் வீட்டில் கூடுதலாக இருக்கட்டும்.

இந்த நாட்களில் அம்மாவின் வால்வுச் சத்தத்தைக் கவனியுங்கள். வழக்கமான ‘டிக் டிக்’ மங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ உடனே 108-ஐ அழைத்து, எக்கோ (இதய ஸ்கேன்) வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கடைசி மாத்திரையை எந்த நேரத்தில் சாப்பிட்டார் என்பதை அங்கே போனதும் முதலில் சொல்லுங்கள்.